மஞ்சளுக்குக் கீழே

எங்கட வீட்டில் மருந்துப்பெட்டி எண்டு தனியாக ஒண்டு இருந்ததில்லை. குசினிதான் மருந்துப்பெட்டி. வயிற்றுக்குத்து எண்டால் ஓமம், தடிமன் எண்டால் கொத்தமல்லி அவிச்ச தண்ணி, வெட்டுக்காயம் எண்டால் மஞ்சள், இரத்தம் நிற்காவிட்டால் மேலே ஒரு பிடி கோப்பித்தூள். வேலிக் கம்பியில் கிழிச்சுக்கொண்டு வந்தாலும், சைக்கிளால விழுந்து முழங்கால் உரிஞ்சாலும், அம்மம்மா முத்தத்து வேம்பில் நாலு கொப்பு முறிச்சு அவிச்சுக் கழுவி, மஞ்சளைக் குழைச்சுப் பூசி விடுவா. ஒரு கிழமையில் காய்ந்துவிடும். அந்த மஞ்சளில் எங்களுக்கு இருந்த நம்பிக்கை அப்படி வந்தது. காயத்தை ஆற்றியது மஞ்சளா, பத்து வயதுப் பிள்ளையின் உடம்பா எண்டு நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

இங்கே ‘நாங்கள்’ என்பது அம்மம்மாவின் வீட்டில் வளர்ந்த நாலு பேரப்பிள்ளைகள். 2022ஆம் ஆண்டு ஆடி மாதம் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்த ஒரு பிழையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினாலு வருசம். மாதத்துக்கு ஒருதரம் கிளினிக். விடியவே வெறுவயிற்றோட போய், நம்பர் எடுத்து, இரத்தம் குடுத்து, காகித உறைகளில் குளிசைகளோட மத்தியானம் திரும்பி வருவா. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுத்தி அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருப்பா. இனிப்பைக் குறைச்சா. இரவில் குரக்கன் புட்டு. யாரோ சொன்னார்கள் எண்டு காலையில் பாகற்காய்ச் சாறும் வெந்தயம் ஊறின தண்ணியும். வருத்தத்தைக் கவனமாகப் பார்க்கிற ஆள் எண்டுதான் நாங்கள் அவவை நினைத்திருந்தோம். அவவும் அப்படித்தான் நினைத்திருந்தா.

ஒரு விசயம் மட்டும் அடிக்கடி சொல்லுவா. “பிள்ளை, எனக்குப் பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு.” சில இரவுகளில் கால் எரியுது எண்டு சொல்லி, வெறும் சீமெந்து நிலத்தில் பாதத்தை வைத்துக்கொண்டு இருப்பா. சில நாட்களில் செருப்பு ஒண்டு கழன்று பின்னால் கிடக்கும், அவ தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருப்பா. நாங்கள் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சிரிப்போம். அவவும் சேர்ந்து சிரிப்பா. அது வயசு செய்கிற வேலை எண்டு நாங்கள் எல்லாரும் நம்பினோம். அது நீரிழிவு காலில் வந்து உட்கார்ந்ததற்கான அறிவித்தல் எண்டு பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆடியில் ஊர்க் கோவில் திருவிழா. மத்தியானப் பூசை முடிந்து அன்னதான வரிசை. வெயிலில் கொதிக்கிற மணலில் எல்லாரும் வெறுங்காலோட நிற்கிறார்கள். எங்களுக்கு நிற்க முடியவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளினோம். அம்மம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றா. “அம்மாளாச்சியை நினைச்சால் சுடாது” எண்டு எங்களுக்குப் புத்தியும் சொன்னா. எங்களுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

அடுத்தநாள் பின்னேரம், எங்களில் கடைசி ஆள் குசினி நிலத்தில் வட்டம் வட்டமாக ஈரத்தைக் கண்டான். தண்ணி சிந்திவிட்டது எண்டு துடைத்தான். திரும்பவும் வந்தது. அம்மம்மா நடந்த வழியெல்லாம் அது இருந்தது. காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால், வலது பாதத்தில் சின்னவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் கீழே பெரிய கொப்புளம் ஒண்டு உடைந்து தோல் தொங்கிக்கொண்டு கிடந்தது. “நோகேல்லையே அம்மம்மா?” எண்டு கேட்டோம். “இல்லையடா ராசா, எனக்குத் தெரியவே தெரியாது” எண்டா. நோகவில்லை எண்டதும் எங்களுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் முதலாவது பிழை.

அது எப்படிப்பட்ட காலம் எண்டு உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் இல்லை. செற்றுக்கு முன்னால் நாள்கணக்கில் வரிசை. ஓட்டோக்காரர் கேட்கிற காசு எங்களிட்ட இல்லை. அம்மம்மாவும் வரமாட்டன் எண்டு நின்றா. “இந்தச் சின்னக் கொப்புளத்துக்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? மஞ்சளைப் போடுங்கோ.” நாங்களும் போட்டோம். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, பழைய வேட்டித் துண்டால் சுற்றிக் கட்டினோம். பக்கத்து வீட்டு மாமி கோப்பித்தூள் போடச் சொன்னா, அதுவும் ஒருநாள். கனடாவிலிருந்து பெரியம்மா வொயிஸ் மெசேஜ் போட்டா, நல்ல தேன் இருந்தால் பூசச் சொல்லி. அதுவும் இரண்டு நாள். ஒவ்வொரு நாளும் வேப்பிலை அவிச்ச சுடுதண்ணியில் அரைமணித்தியாலம் கால் ஊறப்போட்டோம். இடையிடையே அம்மம்மா எழும்பி நின்று சமைத்தா, முத்தம் கூட்டினா, கிணற்றடிக்குப் போனா. நோகாத காலை எதற்காக வைத்துக்கொண்டு இருக்க வேணும்?

ஏழாம் நாள் போல மேலே பொருக்குக் கட்டிவிட்டது. ‘ஆறுது’ எண்டு குடும்ப வட்ஸ்அப் குழுவில் படம் போட்டோம். கும்பிடுகிற கைகள் நிறைய வந்தன. ஒன்பதாம் நாள் கட்டு அவிழ்க்கும்போது ஒரு மணம். பத்தாம் நாள் இரவு குளிரில் அம்மம்மா நடுங்கத் தொடங்கினா, கதை குழறியது. 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. அது இலவசம் எண்டு எங்கள் எல்லாருக்கும் முதலிலேயே தெரியும். ஆனால் நோகாத ஒரு கொப்புளத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேணும் எண்டே எங்கட தலையில் வரவில்லை. அவசரம் எண்டால் அலறல் கேட்க வேணும் எண்டு நினைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஸ் முதலில் சேலைன் விட்டு எல்லாவற்றையும் கழுவினா. மஞ்சள் கழன்று கழன்று வந்தது. அதற்குக் கீழே தோல் என்ன நிறம் எண்டு அன்றைக்குத்தான் பத்து நாளுக்குப் பிறகு பார்த்தோம். பொருக்கைத் தூக்கினபோது உள்ளே சீழ். புண் மேலே மூடிக்கொண்டு, உள்ளே எலும்பை நோக்கிப் போயிருந்தது. சீனி 350ஐத் தாண்டியிருந்தது.

“என்ன போட்டனீங்கள்?” எண்டு டொக்டர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு அவர் சட்டைப் பொக்கற்றிலிருந்து பேனை மாதிரி ஒண்டை எடுத்தார். நுனியில் மீன்பிடி நைலோன் நூல் போல ஒரு சின்ன இழை. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. “அம்மா, கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க ‘ஓம்’ எண்டு சொல்லுங்கோ” எண்டார். நல்ல காலில் பெருவிரலின் கீழே தொட்டார். இழை வளைந்தது. அம்மம்மா பேசாமல் இருந்தா. இன்னொரு இடம். இன்னொரு இடம். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் போக அம்மம்மா கண்ணை மூடினபடியே கேட்டா: “எப்ப ஐயா தொடங்கப் போறியள்?”

அப்போதுதான் கோவில் மணல் எங்களுக்கு விளங்கியது.

மூன்று நாளுக்குப் பிறகு சின்னவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். மிச்சக் காலைக் காப்பாற்ற அதுதான் வழி எண்டார்கள். மிச்சக் கால் தப்பியது. ஆனால் அந்த வெட்டின இடம் ஆற நாலு மாதம் எடுத்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம், காயத்துணியையும் பிளாஸ்டரையும் பலநாள் வெளியில் வாங்கிக்கொண்டு போனோம்.

அந்த நாலு மாதமும் மருந்து கட்டுகிற அறைக்கு வெளியே வாங்கில் இருந்து நாங்கள் கற்றதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம். இதை முதலே ஆராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம் எண்டு நினைத்துக்கொண்டே இருந்தோம்.

நீரிழிவுக் காலில் மூன்று விசயம் ஒன்றாக நடக்கிறது. முதலாவது, கூடின சீனி நரம்புகளைக் கெடுக்கிறது. உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் பாதத்தில்தான் முதலில் உணர்ச்சி குறைகிறது. எரிவு, விறைப்பு, பஞ்சில் நடக்கிற மாதிரி எல்லாம் இதுதான். வியர்க்கச் செய்கிற நரம்பும் கெடுவதால் தோல் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பு கிருமிக்கு வாசல். இரண்டாவது, காலுக்குப் போகிற இரத்தக்குழாய்கள் ஒடுங்குகின்றன. இரத்தம் போகாத இடத்துக்கு நாங்கள் விழுங்குகிற மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. சுருட்டு, சிகரெட் பத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். மூன்றாவது, சீனி கூடி இருக்கும்போது கிருமியோட சண்டை பிடிக்கிற உடம்பின் பலம் குறைகிறது. ஆகவே நோகாது, ஆறாது, கெதியாகப் பரவும்.

இதில் ‘நோகாது’ என்பதுதான் ஆகக் கொடியது எண்டு எங்களுக்குப் படுகிறது. போல் பிராண்ட் எண்ட டொக்டரைப் பற்றி அப்போதுதான் வாசித்தோம். 1914இல் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூரில் தொழுநோயாளர்களுக்கு வைத்தியம் செய்தவர். தொழுநோய் விரல்களைத் தின்கிறது எண்டுதான் உலகம் நம்பியிருந்தது. அவரோ, நோவு தெரியாததால் ஒவ்வொருநாளும் படுகிற சூடும் வெட்டும் அழுத்தமும்தான் விரல்களைக் கொண்டுபோகின்றன எண்டு கண்டார். பிறகு அமெரிக்காவில் வேலை செய்தபோது, நீரிழிவுக்காரரின் காலிலும் அதே கதைதான் நடக்கிறது எண்டு சொன்னார். நோவை ஒரு கொடை எண்டு புத்தகமே எழுதினார். முன்பு இதை வாசித்திருந்தால் அழகான கருத்து எண்டு கடந்து போயிருப்போம். அம்மம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தபோது அப்படி இருக்கவில்லை.

இனிக் கைவைத்தியத்துக்கு வருவோம். ‘படிக்காத சனம், மூடநம்பிக்கை’ எண்டு எழுதிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. நாங்கள் செய்தது சித்த மருத்துவமும் இல்லை. ஒரு சித்த வைத்தியரிடம்கூட நாங்கள் காட்டவில்லை. குசினியில் கைக்கு அகப்பட்டதைப் போட்டோம், அவ்வளவுதான்.

மஞ்சளில் கிருமியை எதிர்க்கிற குணம் இருக்கலாம். ஆனால் குசினிப் போத்தலில் ஈரக் கரண்டி போட்டு எடுக்கிற மஞ்சள்தூள் கிருமி நீக்கின பொருள் இல்லை. அதைவிட, அது புண்ணை மறைக்கிறது. சிவப்புப் பரவுகிறதா, சீழ் வைக்கிறதா, கறுக்கிறதா எண்டு பார்க்க முடியாமல் பண்ணுகிறது. கோப்பித்தூளும் அப்படித்தான், காய்ந்து ஒரு மூடியாகிவிடும். காயத்துக்கெண்டு கிருமி நீக்கித் தயாரிக்கிற தேன் வேறு, கடைத் தேன் வேறு. காயத்துக்கான தேனைக்கூட நீரிழிவுக் கால் புண்ணுக்குப் பாவிக்க வேண்டாம் எண்டுதான் சர்வதேச வழிகாட்டல் சொல்லுகிறது. வேப்பிலைத் தண்ணியில் வேம்பால் வந்த கெடுதியைவிடச் சூட்டால் வந்தது கூட. உணர்ச்சி இல்லாத காலுக்குத் தண்ணி கொதிக்கிறதா எண்டு தெரியாது. கனநேரம் ஊறின தோல் நைந்து போகும். கால் விறைக்குது எண்டு சுடுதண்ணிப் போத்தல் வைப்பதும், தைலம் பூசி நெருப்புக்குக் கிட்டக் காட்டுவதும் இதே ஆபத்துத்தான்.

கால் ஆணிக்கும் காய்ப்புக்கும் பிளேட்டால் சீவுவது, பாமசியில் விற்கிற ஆணிப் பிளாஸ்டர் ஒட்டுவது இரண்டும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டரில் இருப்பது தோலைக் கரைக்கிற அமிலம். எங்கே நிற்க வேணும் எண்டு அதுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. பாகற்காய், வெந்தயம், குரக்கன் எல்லாம் சாப்பாடாக இருக்கட்டும். ஆனால் அதைக் குடிச்சிட்டுக் குளிசையை விடுவது வேறு கதை. அம்மம்மா சீனி குறைந்த மாதங்களில் குளிசையை அரைவாசி ஆக்கியிருந்தா எண்டு அவவின்ர அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த காகித உறைகளைக் கண்டுதான் அறிந்தோம்.

நாங்கள் எதிர்பார்க்காத இன்னொரு பாடம் நடை பற்றியது. பாதத்தின் அடியில் உள்ள புண்ணுக்கு எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும், அதன்மேல் ஏறி நின்றால் ஆறாது. ஒவ்வொரு அடியும் புதுக் காயம். “மருந்து பாதி, மிதிக்காமல் இருக்கிறது பாதி” எண்டு மருந்து கட்டுகிற மிஸ் சொல்லுவா. ஆனால் ஒரு வீட்டில் அம்மம்மா மிதிக்காமல் இருப்பது எப்படி? அவ நிற்காவிட்டால் அடுப்பு எரியாது எண்ட வீடுதான் எங்கட வீடு. ஆகவே அவவின்ர புண் ஆறுவதற்கு நாங்கள் நாலு பேரும் சமைக்கப் பழக வேண்டியிருந்தது. முதல் மாதம் சொதி எல்லாம் திரைந்துதான் வந்தது. அவ கதிரையில் இருந்துகொண்டு ஏசி ஏசிச் சொல்லித் தந்தா.

யோசித்துப் பார்த்தால், வருசப்பிறப்புக்கும் சோதினைக்கும் காலில் விழுந்து கும்பிடுகிற பிள்ளைகள் நாங்கள். அந்தக் காலின் அடிப்பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அம்மம்மாவுக்கு முதுகு வளைந்து தன் பாதத்தைப் பார்க்க ஏலாது. கண்ணும் மங்கல். பார்க்கச் சொல்லிக் கேட்கவும் வெட்கம். “என்ர ஊத்தைக் காலைப் பிள்ளையளிட்ட எப்பிடிக் காட்டுறது” எண்டு பிறகொருநாள் சொன்னா. சின்ன நோவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விழுங்குவதை நல்ல பழக்கம் எண்டு நினைக்கிற பெண்களின் தலைமுறை அது. நோவே இல்லாத ஒரு புண்ணை அவ எப்படிச் சொல்லியிருப்பா?

இப்போது எங்கட வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. முறை வைத்துச் செய்கிறோம். அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, ரோச் லைற் அடித்து இரண்டு பாதத்தையும் பார்ப்போம். அடி, குதிக்கால், விரல் இடுக்குகள், நகத்தின் ஓரம். இளஞ்சூட்டுத் தண்ணியில், எங்கட முழங்கையை வைத்துச் சூடு பார்த்த பிறகு, சவர்க்காரம் போட்டுக் கழுவி விடுவோம். ஊறப்போடுவதில்லை. விரல் இடுக்குகளைத் துவாயால் ஒற்றி எடுப்போம். குதிக்கால் வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய், ஆனால் விரல் இடுக்கில் இல்லை. அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுவோம், மூலைக்குள் தோண்டுவதில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு. போடுவதற்கு முதல் உள்ளே கல், முள், பூச்சி இருக்கிறதா எண்டு கையை விட்டுப் பார்ப்போம். தனியாக இருக்கிறவர்கள் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் பாதத்தைப் பார்க்கலாம். இதற்கு எல்லாம் பெரிய காசு இல்லை. வருசத்துக்கு ஒருதரமாவது கிளினிக்கில் “காலையும் ஒருக்காப் பாருங்கோ டொக்டர்” எண்டு கேட்கிறோம். கேட்டால் பார்க்கிறார்கள்.

புண் ஒண்டைக் கண்டால் சுத்தமான தண்ணியால் அல்லது சேலைனால் கழுவி, சுத்தமான காயத்துணியால் மூடி, அந்தக் காலில் பாரம் வைக்காமல், அன்றைக்கே அல்லது அடுத்தநாள் காட்டுவது. நாங்கள் செய்ய வேண்டிய முதலுதவி அவ்வளவுதான். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், மணம், கறுப்பு, காய்ச்சல், காரணமில்லாமல் ஏறுகிற சீனி, இதில் ஒண்டு இருந்தாலும் விடியும் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். புண்ணே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டாலும் காட்ட வேணும். நோவு இல்லையே எண்டு பொறுக்க வேண்டாம்.

அம்மம்மா கோவிலுக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தவும் ஏலாது. இப்போது விடியப்பூசைக்குப் போகிறா, மணல் குளிர்ந்திருக்கும் நேரம். செருப்பு விடுகிற கடைசி இடம் வரைக்கும் செருப்போட. ஒருவர் அந்தச் செருப்போட வாசலில் நிற்போம். வந்ததும் அங்கேயே திண்ணையில் இருத்திப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்போம். முதல் தரம் சனம் பார்க்குது எண்டு அவ காலை இழுத்துக்கொண்டா. போன திருவிழாவில், நாங்கள் குனிய முதலே, காலைத் தூக்கிக் காட்டினா. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என்ன பார்க்கிறியள் எண்டு கேட்டா. அம்மம்மா எங்களை முந்திக்கொண்டு சொன்னா:

“உங்களுக்கும் சீனியோ? பிள்ளையள், இவவின்ர காலையும் ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தோம். குதிக்காலில் ஒரு முள் ஏறி முறிந்து கிடந்தது. அவவுக்கும் தெரியாது.